கரஸ்ல கவுன்சலிங் படிக்கலாமா?

2025 ஜூலை மாதத்தில் டெல்லியிலிருந்து இரண்டு முடிவுகள் வந்தன. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், ஜூலை 25 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு தீர்ப்பளித்தது. கல்வி நிறுவனங்களுக்கென்று அந்தத் தீர்ப்பு வகுத்த 15 நெறிமுறைகளில் ஒன்று இது: நூறு மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் எந்த நிறுவனமும் தகுதி பெற்ற கவுன்சலர், உளவியலாளர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். சிறிய நிறுவனங்களாக இருந்தால், வெளியே உள்ள மனநல வல்லுநர்களிடம் மாணவர்களை அனுப்புவதற்கு முறையான ஏற்பாடு வேண்டும்.

அதே ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி இன்னொரு முடிவை எடுத்தது. உளவியல், நுண்ணுயிரியல், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல், உயிரித் தொழில்நுட்பம், மருத்துவ ஊட்டச்சத்து ஆகிய படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து புதிய சேர்க்கை கிடையாது. ஆகஸ்டில் இது அறிவிப்பாக வெளியானது.

ஆள் வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். அந்த ஆள் வீட்டிலிருந்தபடி படித்து வரக் கூடாது என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். சென்னைக்கோ கோவைக்கோ இது பெரிய சிக்கல் இல்லை. நேரடியாக வகுப்புக்குப் போய்ப் படிக்க அங்கே கல்லூரிகள் இருக்கின்றன. சிக்கல் முழுக்க வந்து விழுவது வீரபாண்டி போன்ற ஊர்களின் தலையில்தான்.

தேனியிலிருந்து கம்பம், குமுளி போகும் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி பேரூராட்சி. சித்திரையில் கௌமாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் இந்தச் சாலையே ஆட்களால் நிறைந்துவிடும். பார்வை இழந்த பாண்டிய மன்னன் இந்த அம்மனை வேண்டிக் கண் பெற்றான் என்பது ஊரின் தல வரலாறு. உடம்புக்கு வந்ததையும் மனசுக்கு வந்ததையும் அம்மனிடம் கொண்டுவந்து இறக்கிவைப்பது இங்கே தலைமுறைகளாக உள்ள பழக்கம். தூக்கம் வராதவர், காரணம் இல்லாமல் அழுபவர், பேச்சை நிறுத்திவிட்டவர் என்று யாராக இருந்தாலும் முதலில் கோயில், பிறகு கோடாங்கி, அப்புறம்தான் டாக்டர் என்ற வரிசை பல குடும்பங்களில் இன்னும் மாறவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூப்பிட்ட தூரத்தில் யார் இருக்கிறாரோ அவரிடம்தான் மனிதர்கள் போவார்கள்.

கூப்பிட்ட தூரத்தில் வேறு யாரும் இல்லை என்பதுதான் பிரச்னை. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்று 2019ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மூன்று பேராவது வேண்டும் என்பது அதில் வைத்துக்கொண்ட அளவுகோல். அந்த முக்கால் மருத்துவரும் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறார். தேனி மாவட்டத்துக்கு 2004லிருந்து க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச எண்ணில் டெலி மானஸ் சேவை உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். இத்தனை இருந்தும், விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் ஒரு தாய், தன் மகள் ஏன் நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பார்? அந்த மகள் படிக்கும் பள்ளியில் ஒருவர் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான்.

அந்த ஒருவராகத் தான் இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் குறைவில்லை. பட்டம் வாங்கிவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்த பெண்கள், இருபது வருடமாக ஒரே பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், செவிலியர்கள், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசும் நம்பிக்கை மையப் பணியாளர்கள், மகளிர் குழு நடத்துகிறவர்கள். வேலையை விட முடியாது. வீட்டை விட்டு இரண்டு வருடம் மதுரையில் தங்கவும் முடியாது. எனவே கேள்வி எப்போதும் ஒரே வடிவில்தான் வருகிறது: “கரஸ்ல கவுன்சலிங் படிக்கலாமா? படிச்சா செல்லுமா?”

செல்லும், செல்லாது என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்கிறவரை நம்பக் கூடாது. பதிலுக்கு மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பட்டம் செல்லுமா என்பது ஒன்று. அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன பெயர்ப்பலகை மாட்டலாம் என்பது இரண்டாவது. எதிரே உட்கார்ந்து அழுகிற ஒருவரிடம் என்ன செய்வது என்று அந்தப் படிப்பு கற்றுக்கொடுத்ததா என்பது மூன்றாவது. விளம்பரங்கள் முதலாவதைப் பற்றி மட்டுமே பேசும்.

கரஸ் எனப்படும் அஞ்சல்வழிப் பட்டம் என்றாலே இளக்காரமாகப் பேசுவோர் உண்டு. அவர்கள் இந்த மண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகம் 1962ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அடுத்த ஒன்பதே ஆண்டுகளில், 1971ல், மதுரைப் பல்கலைக்கழகம் அதைத் தென்தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. பின்னால் அண்ணாமலை 1979, சென்னை 1981, நாடு முழுமைக்குமான இக்னோ 1985, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 என்று வரிசை நீண்டது. உத்தமபாளையத்தில் 1956லேயே ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி வந்துவிட்டது என்றாலும், அங்கே போய் முழு நேரம் படிக்க வசதியில்லாதவர்களுக்குத் தபாலில் வந்த பாடப் புத்தகம்தான் கல்லூரி. வாத்தியார் வேலையிலிருந்துகொண்டே எம்.ஏ. முடித்தவர், கடையில் கணக்கு எழுதிக்கொண்டே பி.காம். முடித்தவர் என்று அப்படிப் படித்து மேலே வந்தவர்கள் தேனி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முறைப்படி அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசியின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. 2022 செப்டம்பரில் அதை மீண்டும் அறிவித்தது.

‘முறைப்படி அனுமதி பெற்ற’ என்ற அந்த மூன்று சொற்களில்தான் பலரின் ஐந்தாறு வருட உழைப்பு கரைந்துபோயிருக்கிறது.

பெரிய பெயர் காப்பாற்றவில்லை

சேலம் விநாயகா மிஷன்ஸ் உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் கொடுத்துவந்தன. 2017 நவம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதில் கை வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇ நடத்தும் தேர்வில் வென்றால்தான் அவை மீளும் என்றது தீர்ப்பு. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து. சேர்ந்தபோது யாரும் அவர்களைத் தடுக்கவில்லை. பட்டம் வாங்கி, வேலை வாங்கி, பதவி உயர்வும் வாங்கிய பிறகு, பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தது அந்த அடி.

இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. சென்னை எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர் பதவி தொடர்பான வழக்கில் 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. இளநிலைப் பட்டம் இல்லாமல், திறந்தநிலை முறையில் நேராக எம்.ஏ. படித்து வாங்கிய பட்டம் செல்லாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தமிழக அரசு அரசாணை 107ஐ வெளியிட்டது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் வராமல் திறந்தநிலையில் பெற்ற பட்டங்கள் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்றாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பைத் தவறவிட்டு, பிறகு திறந்தநிலையில் பட்டம் முடித்த எத்தனையோ பெண்களுக்கு, மேலே எம்.எஸ்ஸி. வாங்கினாலும் அரசு வேலைக்கான கணக்கு கீழேயே உடைந்துவிடுகிறது. கவுன்சலிங் முதுநிலை படிக்க நினைக்கிற எவரும், சேருமுன் தன் பத்தாம் வகுப்பிலிருந்து வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுநிலையின் தரத்தை ஆராய்வதில் காட்டும் கவனத்தைப் பலர் இதில் காட்டுவதில்லை.

மூன்றாவது, 2022 மார்ச்சில் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரை மட்டுமே அங்கீகாரம் இருந்தது, அதன் பிறகு நடத்தியவை செல்லாது என்று யுஜிசி பொது அறிவிப்பு கொடுத்தது. நீதிமன்ற இடைக்கால உத்தரவின் பேரில்தான் நடத்துகிறோம் என்று பல்கலைக்கழகம் சொன்னது. சட்டத்தின் பார்வையில் யார் சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். 1929ல் தொடங்கிய, தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பெயர் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களே, தாங்கள் படித்தது செல்லுமா என்று அலைந்தார்கள். அங்கே தொலைநிலையில் எம்.எஸ்ஸி. அப்ளைடு சைக்காலஜி படித்து, அதை நம்பிக் கவுன்சலிங் பக்கம் வந்தவர்களும் அவர்களில் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்வது போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தப் பருவம், தொலைநிலையா ஆன்லைனா என்று தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. போன ஜூலையில் இருந்தது இந்த ஜனவரியில் இல்லாமல் போகலாம். ஒரே பல்கலைக்கழகத்தின் எம்.காமுக்கு அனுமதி இருக்கும், எம்.எஸ்ஸி.க்கு இருக்காது. ஆன்லைனுக்கு இருக்கும், தொலைநிலைக்கு இருக்காது. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இந்தப் பட்டியல் பருவவாரியாக இருக்கிறது. ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கடிதத்தின் படத்தை நம்பாமல், இந்தப் பட்டியலில் தன் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பவர் பாதிக் குழியைத் தாண்டிவிடுவார். 2024லிருந்து, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேரும் மாணவர் தானே அந்தத் தளத்தில் பதிவுசெய்து டெப் ஐடி என்ற எண்ணை வாங்கியாக வேண்டும். அது வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

தேனி போன்ற ஊர்களில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் மாநில எல்லைக்குள்தான் நடத்தலாம். கமிஷனுக்கு ஆள் சேர்த்துவிடும் ஃபிரான்சைஸ் மையங்களுக்கும் அனுமதி இல்லை. ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில் எங்கோ வடக்கே உள்ள பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டடி சென்டர்’ போர்டு தொங்கினால், கட்டணத்தை யார் கணக்கில் கட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இங்குள்ள செயலி நிறுவனங்கள் கொடுக்கும் பட்டங்கள் குறித்தும் 2023 டிசம்பரில் யுஜிசி எச்சரித்திருக்கிறது.

பெயர்ப்பலகையில் என்ன எழுதலாம்?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மருந்து எழுத முடிந்தவர். இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். குழப்பம் அதற்கு அடுத்த படியில்தான்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஒப்புதல் தந்த படிப்பை முடித்து, அதன் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இது 1992ஆம் ஆண்டுச் சட்டம். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. பல ஆண்டுகளாக இதற்கான வழி, எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. உளவியலுக்குப் பிறகு மருத்துவமனையோடு இணைந்த இரண்டாண்டு முழு நேர எம்.ஃபில். அஞ்சலில் வரும் படிப்பு எதுவும் அந்த இடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோகாது. எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜியைத் தொலைநிலையில் முடித்துவிட்டு ‘கிளினிக்கல்’ என்று எழுதிக்கொள்வது சட்டப்படி தவறு. நோயாளிக்குச் செய்யும் துரோகமும்கூட.

கிளினிக்கல் அல்லாத மற்ற உளவியலாளர்களும் கவுன்சலர்களும் நீண்ட காலம் எந்தச் சட்டத்தின் கீழும் வராமல் இருந்தார்கள். 2021ல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய துணைமருத்துவ மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம் அதை மாற்றியது. உளவியலாளர், நடத்தைநல கவுன்சலர், எச்.ஐ.வி. கவுன்சலர், குடும்பக் கட்டுப்பாட்டு கவுன்சலர், மருத்துவ மற்றும் மனநலச் சமூகப் பணியாளர், மனநல உதவிப் பணியாளர் எல்லோரும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். யுஜிசி தொலைநிலை உளவியலை மூடியதற்கு அடிப்படை இந்தச் சட்டம்தான். இது எதை அளவாக வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்: உடல்நலத் தொழில்முறையாளர் எனப்படுபவர் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் படித்திருக்க வேண்டும்.

மணிக் கணக்கு. எத்தனை பேப்பர், எத்தனை கிரெடிட், எத்தனை அசைன்மென்ட் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதிது. ஆனால் கவுன்சலிங் என்ற வேலைக்குப் பொருத்தமான கேள்வி இதுதான், வேறெதுவும் இல்லை.

அமெரிக்காவில் ஆன்லைனில் கவுன்சலிங் முதுநிலை தாராளமாகக் கிடைக்கிறது. அங்கே 1981ல் தொடங்கிய காக்ரெப் என்ற அங்கீகார அமைப்பு, வகுப்பு எந்த வழியில் நடந்தாலும் கவலைப்படுவதில்லை. செய்முறையில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் 100 மணி நேரப் பயிற்சி, அதில் 40 மணி நேரம் ஆலோசனை கேட்டு வந்தவரோடு நேரடியாக; பிறகு 600 மணி நேர உள்ளகப் பயிற்சி, அதில் 240 மணி நேரம் நேரடியாக. இத்தனையும் ஒரு மூத்த கவுன்சலரின் கண்காணிப்பில். ஒவ்வொரு வாரமும் அவர் முன்னால் உட்கார்ந்து, என்ன கேட்டேன், எங்கே தடுமாறினேன், எந்த இடத்தில் அவசரப்பட்டு அறிவுரை சொன்னேன் என்று பேசியாக வேண்டும். பாடத்தை வீட்டில் படிக்கலாம். மனிதரை வீட்டில் படிக்க முடியாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த ஒப்புதலுக்கு அருகில் வந்த ஒரு படிப்பு இக்னோவின் எம்.எஸ்ஸி. கவுன்சலிங் அண்ட் ஃபேமிலி தெரபி. கருத்தியல் தாள்களோடு கண்காணிப்புடன் கூடிய செய்முறையையும், பின்னர் உள்ளகப் பயிற்சியையும், ஆய்வேட்டையும் அது கட்டாயமாக வைத்தது. முதல் ஆண்டோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு முதுநிலைப் பட்டயம். தொலைநிலையிலும் செய்முறை கேட்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வரிசையில் சென்னைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்திய எம்.எஸ்ஸி. கவுன்சலிங் சைக்காலஜியும் பலரை இந்தத் துறைக்குள் கொண்டுவந்தது. அனுமதி இருந்த காலத்தில் சேர்ந்து முடித்தவர்களின் பட்டம் பட்டமாகவே இருக்கும். தடை புதிய சேர்க்கைக்குத்தான். ஆனால் இனிமேல் சேர நினைப்பவர், பெயரில் ‘உளவியல்’ இல்லை, அதனால் தடையில்லை என்று யாராவது சொல்வதைக் கேட்டு ஏமாறக் கூடாது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் கவுன்சலரும் இருக்கிறார், மருத்துவச் சமூகப் பணியாளரும் இருக்கிறார். குடும்பநல ஆலோசனை என்றோ, சமூகப் பணி (கவுன்சலிங்) என்றோ பெயர் இருந்தாலும், அந்தப் பருவத்துப் பட்டியலில் அது இருக்கிறதா, ஆணையத்தின் பதிவுக்கு அது ஏற்கப்படுமா என்று இரண்டையும் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

உட்கார ஒரு இடம்

இந்தத் தடை சரியா என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையின் பதில் ஒளிவுமறைவு இல்லாதது: தடைக்கான காரணம் சரி, தடை போட்ட விதம் சரியில்லை.

காரணம் சரி என்பதை யாரும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டு வருடம் புத்தகம் படித்து, தேனியில் ஒரு மையத்தில் பரீட்சை எழுதி, ஒரு நாள்கூட யார் எதிரிலும் உட்காராமல் ‘கவுன்சலர்’ ஆனவர்கள் இருக்கிறார்கள். கணவன் அடிக்கிறான் என்று சொல்ல வந்த பெண்ணிடம், அனுசரித்துப் போகச் சொல்லி அனுப்புகிற கவுன்சலரும் உண்டு. செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று சொல்லும் பிள்ளையிடம், அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அடுத்து நடக்கக்கூடியதற்கு யார் பொறுப்பு? அந்த வாக்கியத்தைக் கேட்ட மாத்திரத்தில் அடுத்து என்ன கேட்க வேண்டும், வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது கண்காணிப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ள வேண்டியது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வருகிறவர் அதில் உள்ள எந்தச் சொல்லையும் சொல்லப்போவதில்லை. ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘கிறுகிறுன்னு வருது’, ‘மனசே ஒட்ட மாட்டேங்குது’, ‘யாரோ ஏதோ வச்சிட்டாங்க’ என்றுதான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர் பேச ஆரம்பிப்பார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதையும் சொல்வார், எஸ்டேட்டில் வாங்கிய முன்பணத்தையும் சொல்வார். இதில் பதற்றம் எது, மனச்சோர்வு எது, கடன் எது, ரத்தசோகை எது என்று பிரிக்கத் தெரிவது இந்த ஊர்க்காரருக்கு உள்ள பலம். வெளியூரில் முழு நேரம் படித்து வந்தவருக்கு இது பிடிபட நாளாகும். வீரபாண்டியில் இருந்தே படிக்கும் ஒருவர் வேண்டும் என்று கேட்பதற்கு உண்மையான காரணம் இதுதான். வசதி இரண்டாம்பட்சம்.

அதனால்தான் தடை போட்ட விதம் சரியில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. செய்முறை இல்லாத படிப்பை மூடலாம். செய்முறையைக் கட்டாயமாக்கி, அதற்கு இடம் காட்டும் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அனுமதி என்றிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே பூட்டில் பூட்டியதால், வகுப்புக்கு வர முடியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள்.

இப்போதைக்கு வழி என்ன? முழு நேரம் முடியுமென்றால் மதுரை இருக்கிறது. மதுரைச் சமூக அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. பல தலைமுறைகளைக் கண்ட படிப்பு. 2022 மே மாதம் மதுரை-தேனி ரயில் திரும்ப ஓடத் தொடங்கி, 2023 ஜூனில் போடி வரை நீண்டது. ஆனால் அதைப் பிடித்துத் தினமும் கல்லூரி போய்வருவது எளிதல்ல. அரசுப் பணிக்கு என்றால், எந்த வேலை என்று முதலில் முடிவுசெய்துகொண்டு, அந்த வேலையின் பழைய அறிவிக்கையை எடுத்துத் தகுதி வரியைப் படிக்க வேண்டும். எச்.ஐ.வி. கவுன்சலர் பணிக்கு உளவியலோடு சமூகப்பணி, சமூகவியல் போன்ற பட்டங்களும் ஏற்கப்பட்டு வந்திருக்கின்றன. உளவியல்தான் வேண்டும் என்ற அவசியமே சிலருக்கு இருக்காது.

ஏற்கெனவே தொலைநிலையில் முடித்தவர்களுக்கு வேலை மிச்சமிருக்கிறது. விட்டுப்போன மணி நேரங்களை இப்போதாவது தேடிப் பிடிக்க வேண்டும். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992லிருந்து மனநலப் பணியில் இருக்கிறது. சென்னையில் 1984லிருந்து ஸ்கார்ஃப், 1986லிருந்து தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா. இப்படிப்பட்ட இடங்களில் தன்னார்வலராகவோ பயிற்சியாளராகவோ சேர வழி உண்டா என்று கேட்டு, ஒரு மூத்தவரின் கீழ் உட்கார்ந்து பழகினால், சான்றிதழில் இல்லாதது கைக்கு வரும். வேலைக்கு எடுக்கிற பள்ளி முதல்வரும் பட்டத்தின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், யாரிடம், எத்தனை மணி நேரம் பயின்றீர்கள் என்று கேட்கத் தொடங்க வேண்டும். நூறு மாணவர் இருந்தால் ஒருவராவது வேண்டும் என்ற தீர்ப்பை நிறைவேற்ற யாரையாவது உட்காரவைத்துக் கணக்குக் காட்டும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது.

பல்கலைக்கழகங்களுக்கும் ஆணையத்துக்கும் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தேனி மாவட்டத்தில் தொலைநிலைத் தேர்வு மையம் வைக்க முடிகிறது. அசைன்மென்ட் வாங்க முடிகிறது. கட்டணம் வாங்க முடிகிறது. க.விலக்கு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறை, மாவட்ட மனநலத் திட்டம், அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்கள் எல்லாம் இதே மாவட்டத்தில் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் இருபது பேரை, நோயாளியின் ஒப்புதலோடு, ஒரு மனநல மருத்துவர் அல்லது பதிவுபெற்ற உளவியலாளரின் கீழ் உட்காரவைத்து மணிக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஒரு ஒப்பந்தம் போதும். பாடம் வீட்டில், செய்முறை க.விலக்கில். அப்படி ஒரு ஏற்பாட்டோடு எந்தப் பல்கலைக்கழகம் அனுமதி கேட்டுப் போனாலும், யுஜிசியும் ஆணையமும் அதை மறுக்கக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகமோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ அந்த விண்ணப்பத்தை எழுத வேண்டும். தேனியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தொலைநிலைச் சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரி-பிப்ரவரியிலும் ஜூலை-ஆகஸ்டிலும் நடக்கிறது. அப்படி ஒரு ஏற்பாடு வரும்வரை, பணம் கட்டச் சொல்லி வரும் எந்தத் தொலைபேசி அழைப்புக்கும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இந்தப் பருவத்துப் பட்டியலில் இந்தப் படிப்பு இருக்கிறதா, செய்முறை எத்தனை மணி நேரம், அது எந்த ஊரில், கையெழுத்துப் போடுபவர் யார்?